நாலு மணிப் பேச்சு

என் கணவரும் அவருடைய சிநேகிதரும் ஏழு வருஷம், அநேகமாகத் தினமும் நாலு மணிக்கு, எங்கள் வீட்டு வாசலில் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். என் கணவருக்குக் காது கேட்காது. சிநேகிதருக்குக் குரல் கிடையாது.

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை முழங்கால் இடிக்கிற மாதிரி எதிரெதிரே போட்டுக்கொள்வார்கள். ஐந்தரை மணி வரை அங்கிருந்து ஒரு சத்தமும் வராது. கைகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று என் கணவர் வெடித்துச் சிரிப்பார். மற்றவருக்குத் தோள் மட்டும் குலுங்கும். உள்ளே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிற எனக்குக் கை நின்றுவிடும். அப்படி என்னத்தைத்தான் பேசுகிறார்கள்?

நான் முப்பத்தைந்து வருஷம் டீச்சராக இருந்தவள். பின் பெஞ்சில் இரண்டு பேர் குசுகுசுத்தால் அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் மேற்கொண்டு பாடம் நடத்தியதில்லை. என் வீட்டு வாசலில் நடக்கிற பேச்சில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை என்பது சாதாரண விஷயமா?

எனக்குப் பிறந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா, அம்மா இரண்டு பேரும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் கோபம் வந்தால்கூட மெதுவாகத்தான் பேசுவார்கள். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் பிட்டராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான மறுநாள் காலையில் "காப்பி குடிக்கியா?" என்று அவர் கேட்டது எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும். நான் பயந்துபோய் அடுப்படியில் நின்று அழுதேன். என்ன தப்புச் செய்தோம், எதற்காக இப்படி அதட்டுகிறார் என்று தெரியவில்லை.

அவருக்கும் ஒன்றும் புரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, "மில்லுக்காரங்க எல்லாரும் இப்படித்தான் பேசுவோம். கோவம்லாம் இல்ல" என்றார். அன்றிலிருந்து ஒரு வாரம் என்னிடம் ரகசியம் சொல்லுகிற மாதிரியே பேசினார். அதில் பாதி எனக்குக் கேட்கவே இல்லை. கடைசியில் நானே, "கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவர் வேலை பார்த்தது நூல் நூற்கிற பகுதியில். ஒரு தடவை குடும்பத்தோடு பார்க்க விட்டார்கள், போயிருந்தேன். நூற்றுக்கணக்கான நூல் கதிர்கள் ஒரே சமயத்தில் சுற்றுகிற சத்தம். அது காதால் கேட்கிற சத்தமாகவே தெரியவில்லை, பல்லில் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஆள் வாயசைத்தார், ஒன்றும் விழவில்லை. அந்தக் கோடியில் நின்ற என் கணவர் இந்தக் கோடியில் நின்ற ஒருவரைப் பார்த்துக் கையை மூன்று விதமாக அசைத்தார். அவர் சிரித்துக்கொண்டே போய் ஒரு ஸ்பானரை எடுத்து வந்தார். இந்தக் கோடியில் நின்ற அவர்தான் பிற்பாடு எங்கள் வாசலுக்கு வந்த சிநேகிதர். எனக்கு அவர் அண்ணாச்சி. அவர் மனைவியை நான் மதினி என்பேன், அவளும் என்னை மதினி என்பாள்.

கல்யாணமாகி நாலாவது வருஷம் எனக்கு வேலை கிடைத்தது. திசையன்விளையில். செம்மண் காடு, பனை, முருங்கை, உச்சி வெயில். அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் திருநெல்வேலி வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து வீட்டுக்கு வர வேண்டும். முதல் வெள்ளிக்கிழமை திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் இவர் நிற்கிறார். மில்லில் ஷிப்ட் முடிந்ததும் எதிர்த் திசையில் பஸ் ஏறி ஒன்றரை மணி நேரம் பிரயாணம் செய்து வந்திருக்கிறார்.

"எதுக்கு இவ்வளவு தூரம்? வீட்டுக்குத்தானே வாறேன்" என்றேன்.

"வீட்டுக்கு வந்தா நீ வேலையப் பாக்க ஆரம்பிச்சிருவ. பஸ்ஸுல எங்க போவ?"

மூன்று வருஷம் அங்கே வேலை, பிறகுதான் ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. மூன்று வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார். ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, தான் என் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். நடுவழியில் நிற்கிறவர்களின் பை அவர் தலையில் இடிக்கும். அதைப் பொருட்படுத்தாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவார். எந்தப் பிள்ளை கணக்கில் தேறினான், தலைமை ஆசிரியை என்ன சொன்னார், முருங்கைக்காய் லாரி எப்படிக் கவிழ்ந்தது, எல்லாம் கேட்பார். பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

காது விஷயத்தை நான் கண்டுபிடித்தது ரொம்பக் காலம் கழித்து. எங்கள் மகளே அப்போது காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் புதிதாக ஒரு ஐயர் வந்திருந்தார். சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். ஆராதனை முடிந்து வருகிற வழியில், "பிரசங்கம் எப்படி?" என்று கேட்டேன்.

"பழைய ஐயர் நல்லாச் சொல்லுவாரு. இவருக்கு மீசை ஜாஸ்தி" என்றார்.

பிரசங்கத்துக்கும் மீசைக்கும் என்ன சம்பந்தம்? அது மனதில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு கவனித்துப் பார்த்தேன். நான் அடுப்படியில் எங்கே திரும்பினாலும் அவர் வந்து எனக்கு முன்னால் நிற்பார். முதுகைக் காட்டிக்கொண்டு, "தேங்கா துருவித் தாங்க" என்றால், "அவன் நாளைக்குத்தான் வருவான்" என்பார். டீச்சர் புத்தி. பரீட்சை வைத்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் அவர் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் நின்று, "உங்க சட்டையில தீப்பிடிச்சிருக்கு" என்றேன். அவர் நார் உரித்து நறுக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து, "எத்தனை வருஷமா?" என்று கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். அவர் பார்ப்பது என் கண்ணை அல்ல, உதட்டை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பையப் பையத்தான் போச்சு. சொன்னா நீ கத்திப் பேச ஆரம்பிச்சிருவ. எனக்கு நீ பேசுத மாதிரியே பேசணும்" என்றார்.

அப்படியானால் பஸ்ஸில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்ததும் இதற்குத்தானா? ஆசை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம் காது கேட்காததா? இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாள் படுத்தியது. ஒரு நாள் கேட்டே விட்டேன். அவர் யோசித்துவிட்டு, "அப்பம்லாம் நல்லாக் கேட்டுச்சு" என்றார். நான் அதை நம்பினேனா இல்லையா என்று எனக்கே இன்னும் தெரியாது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய்க் காதுக்கு மெசின் வாங்கினோம். வீட்டில் எனக்காக மாட்டிக்கொள்வார். நாலு மணி ஆனால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார்.

அந்த நாலு மணி எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு பேரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. அண்ணாச்சிக்குத் தொண்டை கட்டிக்கொண்டே இருந்தது. ஜலதோஷம் என்று கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். பார்த்தால் புற்று. மதுரையில் வைத்து ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாகத்தான் மூச்சு. என் கணவர் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார்.

உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் ஊரறிந்த வாயாடி. யூனியன் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுவார். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் ஒரு சிலேட்டும் குச்சியும் வாங்கிக்கொண்டு போனேன். எழுதிக் காட்டட்டுமே என்று ஒரு எண்ணம். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி தன் முன்னால் சிலேட்டை வைத்ததும் அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் செய்த மோசமான காரியங்களில் அது ஒன்று.

மறுநாள் என் கணவர் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடுக்கில் ஒரு முக்காலியைச் செருகி, அதில் உடம்பைக் குறுக்கி உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் இப்போது இவரைத்தான் பார்த்தாக வேண்டும். வாய் திறக்காமல் கையை அசைத்தார். விரலை உருட்டினார், பிரித்தார், மூக்கைத் தொட்டார், பின்னால் கட்டைவிரலைக் காட்டினார். அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்தார். பிறகு போர்வைக்குள்ளிருந்து அவர் கை வெளியே வந்தது. ஒரே ஒரு அசைவு. என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அண்ணாச்சிக்குத் தோள் குலுங்கியது.

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன மதினி சொன்னாவ ரெண்டு பேரும்?"

"எனக்கு என்ன தெரியும்?"

ஒரு வாரத்தில் அண்ணாச்சி எழுந்து நடந்து எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மில் சத்தத்துக்குள் நாற்பது வருஷம் பேசின பேச்சு அது. அங்கே எல்லாருக்கும் காது கேட்காது, யாருக்கும் குரல் கிடையாது. கையும் உதடும்தான். அவர்கள் இரண்டு பேரையும் பொறுத்தவரை மில்லில் இருந்த மாதிரியே இருந்துவிட்டார்கள். மாறிப்போனது நாங்கள்தான். வெளியே நின்றது நானும் மதினியும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. நான் பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்து, மதினியை ஜன்னல் பக்கம் உட்கார வைத்துக்கொண்டு, பார்க்கிற சைகையை எல்லாம் எழுத ஆரம்பித்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டிப் பிரித்தால் நூல் அறுந்தது. மேல் உதட்டைத் தடவினால் மேஸ்திரி. காற்றில் பேனா பிடித்த மாதிரி ஒரு சிறு கோடும் பெருங்கோடும் இழுத்தால் 'சரி'. இப்படி முப்பத்தொன்று சேர்த்தோம். எல்லாம் எங்கள் ஊகம்தான்.

அந்த ஊகத்தால் ஒரு நாள் பெரிய ரகளை ஆயிற்று. அண்ணாச்சி அன்றைக்கு ரொம்ப வேகமாகப் பேசினார். தன் கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினார். மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மதினி, கயித்தக் காட்டுதாவ. கும்பிடு போட்டுக் கண்ண மூடுதாவ" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர் தொடையில் தட்டிச் சிரிக்கிறார். எனக்குத் தாங்கவில்லை. வெளியே ஓடி அவர் முன்னால் நின்று, "அவுக சாகப் போறேன்னு சொல்லுதாவ, நீங்க சிரிக்கிய? நீங்க என்ன மனுஷன்?" என்று கேட்டேன். மதினி அண்ணாச்சியின் காலடியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் மெசினை எடுத்து மாட்டி, நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். கழுத்தில் இழுத்தது டை. மில்லில் டை கட்டிக்கொண்டு வருகிற ஒரே ஒரு ஆபீசர் இருந்தார், யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவரை அன்று காலையில் பாபநாசம் சிவன் கோயிலில் அண்ணாச்சி பார்த்திருக்கிறார். சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைக் கூப்பிக் கண்ணை மூடி, பிரசாதப் பொங்கலுக்கு வரிசையில் நின்றிருக்கிறார்.

"அவரு வாங்கித் தின்னுட்டு ரெண்டாந் தடவையும் வரிசையில வந்து நின்னாராம். அதத்தான் சொன்னாரு" என்றார்.

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சியின் முதுகில் ஒன்று வைத்தாள். அதோடு விட்டேனா? "எனக்கும் இதைச் சொல்லித் தாங்க" என்று என் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இது என்ன பாடமா? மில்லுப் பேச்சு. பாதி டீச்சர் காதுல விழக் கூடாதது" என்றார்.

"காதுல எங்க விழுது? கண்ணுலதானே" என்றேன். அதற்கும் சிரித்தாரே தவிர, சொல்லித் தரவில்லை. எல்லாவற்றையும் என்னோடு பங்கு வைத்துக்கொண்ட மனிதர் இதை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அண்ணாச்சிக்கு வாய் போன பிறகு மிச்சம் இருந்த ஒரே பேச்சு அது. அதில் நான் நுழைந்தால் அவர் முன்போல் தாராளமாகப் பேசமாட்டார் என்று இவர் நினைத்திருக்கலாம். சிலேட்டை நீட்டியவள் அல்லவா நான்?

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் கணவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு வாங்கியது. மகள் வண்ணார்பேட்டையில் இருக்கிறாள், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் காது மெசினைக் கழற்றி ஒரு கவரில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்கள். டாக்டர், நர்ஸ், துப்புரவு செய்கிற பெண், எல்லாரும் வாயை மூடிக் கவசம் கட்டியிருந்தார்கள். நானும் கட்டியிருந்தேன். உதடே இல்லாத முகங்களை அவர் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருடைய வாய்க்கும் மூக்குக்கும் மேலே ஆக்சிஜன் மூடி.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும், என்னை உள்ளே விட்டார்கள். அவர் என்னைப் பார்த்ததும் இடது கையைக் குழித்துப் பிடித்து, அதன் மேல் வலது கையை வைத்துத் திருகினார். நான் விழித்தேன். மறுபடி திருகினார். மூன்றாவது தடவையும் செய்தார். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஆக்சிஜன் வருகிற குழாய், அதில் ஒரு திருகு. அதைத்தான் சொல்கிறார், மூச்சு முட்டுகிறது என்று எனக்குப் பட்டது. ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். அவள் பார்த்துவிட்டுச் சற்று கூட்டி வைத்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார். இல்லை என்கிற மாதிரி. பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்து விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகும் அந்தத் திருகல் என்னை விடவில்லை. மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாரா? மூன்று தடவை கேட்டும் நான் புரிந்துகொள்ளவில்லையா? மகள் டாக்டரிடமே கேட்டு வந்து சொன்னாள். அந்த நேரத்தில் ஆக்சிஜன் அளவு சரியாகத்தான் இருந்ததாம். அப்படியானால் வேறு எதைக் கேட்டார்? தண்ணீர்க் குழாயா? ஜன்னல் கொக்கியா? படுக்கையை உயர்த்துகிற கைப்பிடியா? பல் தேய்க்கும்போதுகூட என் கை தன்னால் அந்தச் சைகையைச் செய்யும்.

அண்ணாச்சி அடக்கத்துக்கு வந்தவர்தான், அப்புறம் எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அவர் வரட்டும் என்று காத்திருந்தால் வரமாட்டார் என்று தெரிந்தது. ஒரு நாள் நாலு மணிக்கு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்து பொருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதினி நாற்காலி போட்டாள். நான் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, இடது கையைக் குழித்து, வலது கையை மேலே வைத்துத் திருகினேன்.

அவர் என்னையே பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொல்லி விரலை அசைத்தார். செய்தேன். எங்கே பார்த்தாய் என்று புருவத்தை உயர்த்தினார். "ஆஸ்பத்திரியில. கடைசியா என்கிட்ட மூணு தடவை இப்படிச் செஞ்சாவ" என்றேன்.

எழுந்து அடுப்படிக்குள் போனார். பாத்திரங்கள் உருள்கிற சத்தம் கேட்டது. ஒரு பழைய அலுமினிய டப்பாவோடு வந்தார். மில்லுக்குச் சோறு கொண்டுபோகிற டப்பா, மூடி திருகுகிற மாதிரி. இடது கையில் அதைப் பிடித்து, வலது கையால் மூடியைத் திருகித் திறந்தார். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனார். பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

மதினிக்கு எனக்கு முந்திப் புரிந்துவிட்டது. "சாப்டியான்னு கேட்டிருக்காவ, மதினி."

அந்த மூன்று நாளில் நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கே நினைவில்லை. அதை என் கணவர் கவசத்துக்கு மேலே தெரிந்த என் கண்ணில் பார்த்திருக்கிறார். நான் அங்கே அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை. துக்கம் என்று சொல்ல முடியாது. ஒன்றரை மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப்போனது. அவர் மூச்சுக்குத் தவிக்கவில்லை. என்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அழுது முடித்ததும் எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். "இத்தனை வருஷம் ஜன்னல் வழியாப் பாத்தேனே, இந்தச் சைகையை நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவைகூடச் செய்யலியே" என்றேன்.

அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். நாலு விரலை நீட்டினார். நாலு மணிக்கு யார் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்?

மறுநாள் என் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மதினியிடம் பென்சில் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார். என் வாழ்க்கையில் நான் எழுதினதை ஒருவர் அப்படித் திருத்தினதில்லை. முப்பத்தொன்றில் ஒன்பதுதான் தேறியது. மேஸ்திரி என்று எழுதியிருந்தது மீசைக்காரரான வேறொருவர். தேநீர் என்று எழுதியிருந்தது மிச்சர் கடை. 'சரி' என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தினார். காற்றில் அந்தச் சின்னக் கோட்டையும் பெருங்கோட்டையும் இழுத்துக் காட்டி, என்னைச் சுட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. மறுபடி என்னைச் சுட்டினார். பிறகு பதிவேட்டின் ஓரத்தில், ஒவ்வொரு எழுத்தாக, கோணல் மாணலாக எழுதினார்: டீச்சர்.

நோட்டுத் திருத்துகிற சிவப்பு மைக் கோடு. அது என் பெயர். அந்தப் பேச்சில் எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. ஏழு வருஷம் அந்தச் சைகையை ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை பார்த்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் சரி, சரி என்று ஒத்துப்போகிறார்களே, எவ்வளவு நல்ல சிநேகிதம் என்று நினைத்தேன்.

"என்னைப் பத்தி என்ன பேசுவாவ?"

அண்ணாச்சி யோசித்தார். பிறகு ஜன்னலைக் காட்டினார். தலையைத் தாழ்த்தி, எட்டிப் பார்த்து, சட்டென்று குனிந்து ஒளிந்தார். எதையோ எழுதுகிற மாதிரி உள்ளங்கையில் கிறுக்கினார். மறுபடி எட்டிப் பார்த்தார். நானும் மதினியும்தான் அது. அவர்களுக்குத் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த அவ்வளவும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சிரிப்பில் பாதி எங்களைப் பார்த்துத்தான். மதினி தலையில் அடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அவர் போன பிறகு முதல் தடவையாக.

இப்போது நாலு மணிக்கு நான் அங்கே போகிறேன். பதிவேட்டில் நூற்றி நாற்பது சேர்ந்திருக்கிறது. என் கை இன்னும் வேகமாக வராது, அண்ணாச்சி பொறுமை இல்லாமல் என் விரலைப் பிடித்து வளைப்பார். மதினி என்னைவிட நன்றாகச் செய்கிறாள். அண்ணாச்சியை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனால் இப்போது அவள்தான் எடுத்துச் சொல்லுகிறாள்.

போன மாதம் ரேஷன் கடையில் வரிசை நீளம். நான் முன்னால் நின்றேன், மதினி ரொம்பப் பின்னால். பருப்பு வந்திருக்கிறதா என்று அவள் கையால் கேட்டாள், நான் கையால் பதில் சொன்னேன். நடுவில் நின்ற ஒரு அம்மாள், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், இது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் மில்லில் நூல் சுற்றுகிற பகுதியில் இருந்தவளாம். என் கணவரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியுமாவா, மெசின் நின்றால் அவர்தானே வந்து பார்ப்பார் என்றாள். பொருள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மூன்று பேரும் கடைக்குப் பக்கத்தில் நிழலாக ஓரிடம் பார்த்து நின்றோம். நான் என் நூற்றி நாற்பதில் சிலவற்றைச் செய்து காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இது ஆம்பளைய பேசுதது. எங்களுக்கு வேற உண்டு. அவுகளுக்குத் தெரியாம நாங்க பேசணும்லா?"

எனக்கு உடனே கேட்கத் தோன்றியது. "எங்க வீட்டுக்காரருக்கு உங்ககிட்ட பேரு உண்டா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, வலது உள்ளங்கையைக் கீழ் நோக்கி வைத்து, குழந்தையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி இரண்டு தடவை தாழ்த்தினாள்.

"'பைய'ன்னு அர்த்தம், மெதுவான்னு. பையச் செய், பையப் போன்னு. மத்தவங்க வந்தா, எதுக்கு மெசின நிப்பாட்டுனன்னு வைவாவ. அவுக வந்தா மொதல்ல கையத்தான் பாப்பாவ, வெரல்ல அடிபட்டிருக்கான்னு. சேலத் தலப்ப இழுத்துச் செருகச் சொல்லுவாவ. பைய, பையன்னு இப்படியே கையக் காட்டுவாவ. அதனால அவுகளுக்கு அதே பேரு. அவுக அந்தக் கோடியில வரும்போதே நாங்க இந்தக் கோடிக்குச் சொல்லிருவோம்."

"அவுகளுக்கு அது தெரியுமா?"

"தெரியாது டீச்சர். கடைசி வரைக்கும் தெரியாது" என்றாள்.

அவளுடைய வீடு மில்லுக்குப் பின்னால் இரண்டாவது தெருவில் இருக்கிறதாம். அவளோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் மூன்று பேர் அதே தெருவில் இருக்கிறார்களாம். புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். புதிதாக ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.